பெட்டிக்குப் பின்னால் நிற்பவர்

கடைக்குள் நுழைந்து ஒரு பொருளைக் கையில் எடுத்து, விலையும் கேட்காமல், அதை அப்படியே கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கிற ஒரு மனிதரை நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். காதருகே வைத்துக் குலுக்குவார். பிறகு, ஏமாற்று வேலையில் பிடிபட்டவரைப் பார்ப்பது போலக் கடைக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, பொருளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வருவார். வாசலுக்கு வந்ததும் உங்களிடம் அந்த ஒரு வசனத்தைச் சொல்வார்:

“இத நாமளே செஞ்சிடலாம்.”

இவர்தான் நாமளே-செஞ்சிடலாம்காரர். எல்லா ஊரிலும் உண்டு, எல்லா மதத்திலும் உண்டு. வீட்டுக்குள் போனால் உடனே அடையாளம் தெரியும். மின்விசிறி சுற்ற வேண்டுமானால் சமையலறைச் சுவிட்சைப் போட வேண்டும். சமையலறை விளக்கு எரிய வேண்டுமானால் யாராவது வாசலில் போய் அழைப்புமணியை அழுத்த வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்குக் கதவுக் கைப்பிடி, கதவுக்குக் குடைக் கைப்பிடி. குடை? அதைக் கேட்காதீர்கள், அது வானொலிக்கு ஏரியலாகிவிட்டது. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “முக்காவாசி முடிஞ்சி.” மீதிக் கால்வாசியை உலகில் இதுவரை ஒருவரும் கண்டதில்லை.

இந்த இனத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. தாம் செய்த பொருளை இவர்கள் பயன்படுத்துவதே இல்லை. நாற்காலி செய்தால் அதில் உட்கார மாட்டார்கள். அதற்கு அடியில் மல்லாந்து படுத்து ஆணிகளை ரசிப்பார்கள். முன்பக்கம் என்பது இவர்களைப் பொறுத்தவரை விவரம் தெரியாதவர்களுக்காக விடப்பட்ட பக்கம்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஸெய்னுலாப்தீன் நானா. எங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்போம், அக்காவைத் தாத்தா என்றோ ராத்தா என்றோ அழைப்போம். மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் கறாம்பும் ஜாதிக்காயும் வாங்கி விற்கிற கடையொன்றில் தராசுக்குப் பின்னால் நிற்பது அவருடைய தொழில். மெலிந்த, மரியாதையான, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் மட்டும் ஒரு சுல்தான்.

அது இலங்கையில் யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மழை பொய்த்து, மின்சாரம் நினைத்தபோது போய் நினைத்தபோது வரும் காலம். ஊருக்குள் வருகிற பாதையில் சோதனைச் சாவடி. பொதி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தால், குண்டென்று பயந்து பஸ் நிலையமே காலியாகிவிடும் காலம். அந்தப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் ஒரு வீடியோ கேம் கடை திறந்தார்கள். ஆளுயர மரப்பெட்டி, நெஞ்சு மட்டத்தில் கண்ணாடித் திரை, அதன் கீழே ஒரு பிடியும் சில பொத்தான்களும். திரையில் ஒரு சிவப்புக் கார் ஓடும். எதிரே லொறிகள் வரும். பிடியை இடமும் வலமும் தள்ளித் தப்ப வேண்டும். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பெட்டியின் முன்னால் முண்டியடித்து நிற்க, நம்முடைய நானா எங்கே போனார்?

பின்னால் போனார். காற்றுப் போகும் ஓட்டைகளில் கண்ணை வைத்துப் பார்த்தார். கடைக்காரன் சத்தம் போட்டு விரட்டும்வரை பார்த்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அறிக்கை சமர்ப்பித்தார்.

“உள்ளுக்கு என்னா ஈக்குது மஸூதா? ஒரு டிவி. நாலு வயரு. மிச்சமெல்லாம் காத்து.”

“அதுக்கு?”

“நாமளே செஞ்சிடலாம்.”

காற்று வீட்டில் இருந்தது. வயர் வேண்டிய அளவு இருந்தது. டிவியும் இருந்தது, ஆனால் அது நானாவுடையதல்ல. மஸூதா தாத்தாவின் தம்பி ஜவாஹிர் சவூதியில் பெரிய லொறி ஓட்டுபவர். அக்காவுக்கென்று அவர் அனுப்பிய டிவி அது. அதற்கு லேஸ் துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜா வைத்து, பின்னேரம் சிங்கள நாடகம் தொடங்குவதற்கு முன் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்வார் மஸூதா தாத்தா. அந்த டிவியைத்தான் நானா கேட்டார்.

நீங்களாக இருந்தால் கொடுப்பீர்களா? மஸூதா தாத்தாவும் கொடுக்கவில்லை. ஆனால் இந்த இனத்தோடு சண்டை பிடிக்க முடியாது. இவர்கள் கோபிப்பதில்லை, விளக்குவார்கள். சோறு தின்னும்போது விளக்கினார். மனைவி தொழுதுவிட்டுப் பாயை மடிக்கும்போது விளக்கினார். காது வலித்த பிறகு மஸூதா தாத்தா ஒரு நிபந்தனை போட்டார்.

“ஹஜ்ஜுப் பெருநாளைக்கு தம்பி வாறான். அவன் வரக்குள்ள ஒண்ணு உங்கட பெட்டி ஒழுங்கா வேல செய்யணும், இல்லாட்டி என்ட டிவி பழைய எடத்துல ஈக்கணும். அரையும் கொறையுமா வயர் தொங்கிட்டு நிண்டா, அவன்ட மொகத்துல எப்பிடி நான் முழிக்கிற? பொறகு இந்த வீட்டுல நீங்க ஒரு ஆணி அடிக்கப் படாது. சொல்லிட்டேன்.”

ஆணி அடிக்கக் கூடாது! நானாவுக்கு அதைவிட என்ன தண்டனை வேண்டும்?

வேலை தொடங்கியது. பெட்டி பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகையில் உருவானது. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் முத்திரை அதன் விலாவில் தலைகீழாக நின்றது. பொத்தான்களுக்கு அழைப்புமணிச் சுவிட்சுகள். பிடிக்குத் தலை வேண்டுமே? கடையில் கழித்துப் போட்ட ஒரு பெரிய ஜாதிக்காயைத் துளைத்து, வார்னிஷ் பூசி மாட்டினார். உள்ளே மூளையாக இருக்க கண்டியிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்து பிரித்துப் போட்டார். அதைச் சீனாக்காரர் செய்திருந்தார் என்பதை நானா ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. “அது சும்மா சாமான். வேல எல்லாம் நம்மட.”

இதற்கிடையில் யாரோ ஒரு புண்ணியவான் பொலிஸுக்குச் சொல்லியிருக்கிறார்: இன்ன வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டிக்குள் வயர் பூட்டுகிறார்கள், புகை வருகிறது என்று. ஒருநாள் காலையில் சார்ஜன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்து நின்றார். தெரு முழுக்க ஜன்னலைச் சாத்தியது. மஸூதா தாத்தா எல்லாருடைய அடையாள அட்டையையும் கொண்டு வந்து நீட்டினார். சார்ஜன் அவற்றை வாங்கவில்லை. பெட்டியின் பின்பக்கத்தை, அந்த வயர்க்காட்டைப் பார்த்தபடி சிங்களத்தில் கேட்டார்: “இதுக்குள்ள என்ன?”

அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நானாவின் முகமோ மலர்ந்தது. இத்தனை நாளாக இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மனிதர்கூட வரவில்லையே!

“உக்காருங்க மாத்தையா,” என்றார். சிங்களத்தில் தொடங்கினார். சிவப்பு வயர் எங்கிருந்து வருகிறது, ஏன் அது நேரே வராமல் சுற்றி வருகிறது, சுற்றாமல் வந்தால் என்ன ஆகும், பஸ் நிலையத்துக் கடைக்காரன் ஏன் அதைச் சுற்றவில்லை, அதனால் அவனுக்கு வரப்போகும் நஷ்டம். பச்சை வயருக்கு வந்தார். சார்ஜன் எழுந்தார். “இன்னம் மஞ்சள் ஈக்குது மாத்தையா.” சார்ஜன் உட்கார்ந்தார். தேநீர் வந்தது. ஆறியது. கடைசியில் சார்ஜன் வாசலைப் பார்த்தபடி கான்ஸ்டபிளிடம் மெல்லச் சொன்னார்: “குண்டு செய்றவன் இவ்வளவு பேச மாட்டான். வா போவோம்.” ஜீப் தெருமுனை திரும்பும்வரை நானா கையில் மஞ்சள் வயரோடு வாசலில் நின்றார்.

பெட்டி உயிர் பெற்றது. சிவப்புக் கார் ஓடியது. ஆனால் முதல் ஆட்டத்திலேயே தெருப் பிள்ளைகள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிடியை இடப்பக்கம் தள்ளினால் கார் வலப்பக்கம் போகிறது. வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகிறது.

காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். வயர் பூட்டியதெல்லாம் பின்னால் நின்று. பின்னால் நிற்பவரின் இடது, முன்னால் நிற்பவரின் வலது.

“நானா, இது பொரண்டு ஓடுது,” என்றார்கள்.

நானா பதறவில்லை. பெட்டிக்குப் பின்னால் போனார். பக்கவாட்டால் கையை நீட்டிப் பிடியைப் பற்றி, தம்முடைய இடப்பக்கம் தள்ளினார். அங்கிருந்து திரை தெரியாது.

“இப்ப எந்தப் பக்கம் போவுது?”

பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள். “எடப்பக்கம்.”

“நான் எடப்பக்கம் தள்ளுறேன், அது எடப்பக்கம் போவுது. பொறகு என்ன?”

இந்தப் பரிசோதனையை எத்தனை தடவை செய்தாலும் இதே முடிவுதான் வந்தது. விஞ்ஞானத்தோடு யார் வாதாடுவது? பிள்ளைகள் புத்திசாலிகள், விளக்கம் கேட்பதைவிட மாற்றி ஓட்டப் பழகுவது சுலபம் என்று தீர்மானித்துப் பழகிவிட்டார்கள். தாய்மாருக்கும் ஒரு நன்மை கிடைத்தது. பள்ளிவாசலுக்கு ஓதப் போனேன் என்று சொல்லும் பிள்ளையின் உள்ளங்கையை மோந்து பார்ப்பார்கள். ஜாதிக்காய் மணத்தால் அடி நிச்சயம்.

பெருநாளும் வந்தது. ஜவாஹிர் வந்தார், அத்தர் மணமும் பெரிய கைக்கடிகாரமுமாக. அக்காவின் இரு கைகளையும் பற்றி ஸலாம் சொன்னவர், மூக்கை உறிஞ்சினார்.

“என்னா ராத்தா, பெருநாள் இனிப்புக்கு வட்டிலப்பமா? கையெல்லாம் ஜாதிக்கா வாசம்.”

மஸூதா தாத்தா கைகளை இழுத்து முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டார். “ஆங்... செய்யத்தான் ஈக்குது.”

சாப்பாடு முடிந்தது. ஜவாஹிர் டிவி இருந்த இடத்தைப் பார்த்தார். லேஸ் துணியும் ரோஜாவும் மட்டும் இருந்தன. பிறகு பெட்டியைப் பார்த்தார். தெருப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள்.

“வேல செய்யுதா மச்சான்?”

“ஓட்டிப் பாருங்களேன்,” என்று நானா பின்னால் போய் நின்றுகொண்டார்.

பாலைவனத்தில் பதினெட்டுச் சக்கர லொறி ஓட்டுகிற மனிதர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜாதிக்காயைப் பற்றினார். லொறி வந்தது. இடப்பக்கம் வெட்டினார். கார் வலப்பக்கம் பாய்ந்து லொறிக்குள்ளேயே புகுந்தது. மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் புகுந்தது. வாசலில் ஒரு குரல்: “டிரைவர் மாமாக்கு லைசன் ஈக்குதா?” சிரிப்பு.

ஜவாஹிரின் காது சிவந்தது. “மச்சான், இது பொரண்டு கெடக்குது!”

நானா பின்னாலிருந்து கையை நீட்டினார். “எந்தப் பக்கம் போவுது?”

“...எடப்பக்கம்.”

“பாத்தீங்களா? பெட்டில பெழ இல்ல மச்சான். நீங்க சவூதில ரோட்டுக்கு வலப்பக்கமா ஓட்டிப் பழகிட்டீங்க. இங்க வந்தா கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் ஈக்கும்.”

ஜவாஹிர் ஜாதிக்காயிலிருந்து கையை எடுத்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். “ராத்தா, உங்கட டிவி. நீங்க சொல்லுங்க. இது ஒழுங்கா வேல செய்யுதா, இல்லயா? இல்லாட்டி இப்பவே கழட்டுறேன்.”

பெட்டிக்கு மேலே நானாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. அது வியர்த்திருந்தது. வாழ்நாள் முழுக்க ஆணி அடிக்காமல் இருப்பது எப்படி என்று அது யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மஸூதா தாத்தா தம்பியை மெல்ல ஒதுக்கிவிட்டு முக்காட்டை இறுக்கிக்கொண்டு பெட்டியின் முன்னால் வந்து நின்றார். ஜாதிக்காயை இரண்டு விரலால், உப்புக் கிள்ளுவது போலப் பிடித்தார். லொறி வந்தது, கார் விலகியது. இரண்டு லொறி சேர்ந்து வந்தன. கார் நடுவால் போனது. பிள்ளைகளில் ஒருவரும் கண்டிராத ஒரு பாலம் வந்தது, பாலத்துக்கு அப்பால் பனிபெய்த மலைப்பாதை வந்தது, அதிலும் அந்தச் சிவப்புக் கார், புரண்டு ஓடுகிறதாம் அந்தக் கார், வளைவுக்கு வளைவு வழுக்கிக்கொண்டு போனது. நானா தராசுக்குப் பின்னால் நின்ற பகல்களில் இந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது வாசலில் நின்ற எல்லாருக்கும் ஒரே நொடியில் விளங்கியது. ஜவாஹிருக்கும் விளங்கியது. வட்டிலப்பம் ஏன் வரவில்லை என்பதும் சேர்த்து.

விளங்காதவர் ஒருவர்தான். அவர் பின்னால் நின்றார்.

“எந்தப் பக்கம் போவுது?” என்று கவலையோடு கேட்டார்.

“சரியான பக்கம்தான்,” என்றார் மஸூதா தாத்தா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பெட்டி ஒழுங்காத்தான் ஈக்குது. கை வைக்கப் படாது.”

அந்தப் பெட்டி பல வருடம் அப்படியே ஓடியது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதில் சூரர்கள். பஸ் நிலையத்துக் கடையில் முதல் லொறியிலேயே செத்தார்கள். நானா மிச்சக் கால்வாசியை முடிக்கப் பலமுறை அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. மஸூதா தாத்தா பின்னேர நாடகத்தைப் பக்கத்து வீட்டில்தான் பார்த்தார். ஒரு முறைப்பாடும் இல்லாமல்.

இப்படிப்பட்ட மனிதர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது, இல்லையா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். இடமும் வலமும் மாறியிருக்கிறது என்று நான் சொன்ன அந்த இடத்தில், கதை மேலே போக உங்கள் மனம் மட்டும் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றதா? ‘இதென்ன பெரிய வேலை, அந்த இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினால் தீர்ந்தது’ என்று உள்ளே ஒரு குரல் சொன்னதா?

சொன்னதா?

அப்படியானால் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு, ஒரு தடவை முன்பக்கம் வந்து பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ நெடுங்காலமாக எதையோ மாற்றி ஓட்டப் பழகியிருக்கிறார்கள்.