கிளி மூக்கும் ஐஸ்பெர்க்கும்

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டான்மா!" லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினாள் உதயா.

"யாருடி?" தறியில் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்த அம்மா கன்னியம்மா தலையைத் தூக்கினாள்.

"அந்த ஐஸ்பெர்க்!"

அது புனைபெயர். சேலை டிசைனைத் தறியில் மாட்டும் ஜக்கார்டு துளை அட்டையாக மாற்றும் இலவச மென்பொருள் ஒன்றுக்கு அவன்தான் காவல். யார் திருத்தம் செய்தாலும் மெயிலில் அவனுக்கு அனுப்ப வேண்டும். அவன் ஒப்புக்கொண்டால்தான் சேரும். உதயா அங்கே 'ப்ளூபேர்ட்'. ஆள் நார்வேக்காரன் என்று பெயரை வைத்தே முடிவு கட்டியிருந்தாள். ஆரணியில் சாப்பாட்டு நேரம் ஆனால் நார்வேக்காரனும் ஏன் 'சாப்பிட்டு வருகிறேன்' என்று எழுதுகிறான் என்பதுதான் புரியவில்லை.

இன்று பதினோரு மணிக்குப் புதுப் பதிப்பு வெளியாகிறது. அதிலுள்ள ஒரு பிழையால் வலது பார்டர் கிளிகளுக்கு மூக்கே விழவில்லை. அட்டை அடிக்கிற கடைக்காரரோ வெளியான பதிப்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். கிளிக்கு மூக்கு வராவிட்டால் கன்னியம்மாவின் கல்யாணச் சேலை ஆர்டர் போச்சு.

முதலில் திருத்தத்தைத் தனிக் கோப்பாக இணைத்தாள். 'மெயிலுக்குள்ளேயே வேண்டும்' என்றான். உள்ளே ஒட்டினாள். நீள வரிகளை மெயில் மடித்துப் போட்டது. 'வரிகள் உடைந்திருக்கின்றன.' கையால் சேர்த்தாள். இடது கிளிக்கும் மூக்கு போனது.

"மரியாதையா ரெண்டு வார்த்தை எழுதேன், மனசு எறங்குவான்."

அம்மா சொன்னபடியே, அகராதி பார்த்து ஆங்கிலத்தில் எழுதினாள். அவசரத்தில் அது திருத்தத்தின் நடுவே போய் விழுந்தது.

எதிர்வீட்டில் யாரோ, "பேஜாராப் போச்சே!" என்று மேசையைக் குத்தினார்கள். அடுத்த நிமிடம் பதில் வந்தது.

"இன்னா எழுதிக்கிறான்?"

"கிளியே காணோமாம். பார்டர் பூரா 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு உன் மரியாதைதான் ஓடுதாம்!"

மணி பத்தே முக்கால். ஐந்தாவது முறையாக, புள்ளி புள்ளியாகச் சரிபார்த்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

மெயில் போவதற்குள் மின்விசிறி நின்றது. வைஃபையும் செத்தது. போனில் டேட்டா நேற்றே காலி.

தெருவுக்கு ஓடினாள். கம்பத்தின் உச்சியில் லைன்மேன் ஜெயக்குமார்.

"அண்ணே, ஜல்தியா கரண்ட்ட வுடுங்கண்ணே! ஃபாரின்காரன் ஒருத்தன் எனக்காகக் காத்துகினு இருக்கான்!"

ஜெயக்குமார் மேலிருந்தபடியே சலித்துக்கொண்டார்.

"நீயுமாம்மா? எதிர்வூட்டுக்குப் புதுசா குடிவந்த மணவாளனும் இப்பத்தான் கத்திட்டுப் போனாரு... எவனோ வெள்ளக்காரன் பதினோரு மணிக்குள்ள கிளிக்கு மூக்கு அனுப்புறானாமே!"