பேத்தியைக் கடலுக்கடியில் கூட்டிப்போக ஆள் தேடிய விவரம்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த ஓர் அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் சுகம். நாளைக் காலை ஒன்பது மணி வரைக்கும் அதில் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய், மீதியை நான் யாரிடம் சொல்வது? அதனால் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவதாக இந்த அம்மா சொல்லியிருக்கிறார். உன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னேன். சரிதானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"ஆளை நீங்க பாத்துச் சொன்னாத்தான் அவ கடல்ல இறங்கணும்" என்று என்னைத் துணைக்கு அனுப்பினாய். அவளோ தீவில் கால் வைத்த அன்றே, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி ஸ்கூபா கூட்டிப்போகிற மூன்று கடையிலும் ஃபாரம் எழுதிக் கொடுத்துவிட்டு, "தாத்தா, புதன்கிழமைக்குள்ள எந்தக் கடைன்னு சொல்லுங்க, இல்லன்னா நானே ஒண்ண பாத்துக்குவேன்" என்றுவிட்டாள். இன்று புதன். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் படகு.

முதல் கடைக்காரன் கறுப்புக் கண்ணாடி போட்டவன். சுவர் பூராவும் சட்டம் போட்ட சான்றிதழ். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, அதனால் ஆளைப் பார்த்தேன். எத்தனை பேரை ஒரே நேரத்தில் கூட்டிப்போவாய் என்று திங்கட்கிழமை கேட்டேன். "நாலு பேருதான் தாத்தா, அதுக்கு மேல தொடவே மாட்டோம்" என்றான். செவ்வாய்க்கிழமை படகிலிருந்து அவன் பின்னால் குதித்தவர்களை எண்ணினேன், ஒன்பது தலை. முக்கால் மணி நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி ஏறியதும் ஒன்பதுதான். ஆனால் எண்ணியது நான், அவன் இல்லை.

இரண்டாவது ஆள் சிரிப்புக்காரன். காற்றுத் தீர்ந்தால்? "ஒண்ணும் ஆகாது." காது வலித்தால்? "ஒண்ணும் ஆகாது தாத்தா." நாற்பது வருஷம் சாரம் கட்டினவன் நான். ஒண்ணும் ஆகாது என்றே சொல்லிக்கொண்டிருந்த மேஸ்திரி ஒருவன் எங்களிடமும் இருந்தான், மூன்றாவது மாடியிலிருந்து இறங்கினான், படி வழியாக இல்லை. சாரத்தில் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், கட்டினவன் கை பார்த்தால் போதாது, வேறொரு கை முடிச்சை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏறுவோம். இவன் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் முள்ளைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஒரு பையன் முதுகில் மாட்டிவிட்டான்.

மூன்றாவது கடையில் பெரிய கைடு ஒருவர் இருக்கிறாராம். இரண்டு நாளாய் நடையாய் நடக்கிறேன், ஆள் கண்ணிலேயே படவில்லை. வாசலில் தொட்டி வைத்து ரப்பர் உடுப்பு அலசுகிற இந்த அம்மாதான் எப்போதும் இருக்கிறார்.

எனக்கு ஏன் இத்தனை பயம் என்பாய். ஏழு வயதில் அவளுக்கு இளைப்பு வந்ததே, ஆஸ்பத்திரியில் கதவிலிருந்து நாலாவது கட்டில், மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சும் விசிலடித்து வருவதைக் கேட்டவன் நான். போன மழைக்குக்கூட அந்த மருந்துக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினாளே. (இந்த இடத்தில் அம்மா பேனாவை நிறுத்தி, "எந்த மழைக்கு?" என்று கேட்டார். போன மழைக்குத்தான் என்றேன். எழுதிக்கொண்டார்.)

ஆகையால் மகளே, மூன்றும் வேண்டாம். உடனே அவளுக்குப் போன் போட்டுத் தடுத்துவிடு. நான் சொன்னால் "உங்களுக்குத் தண்ணின்னாலே பயம்" என்கிறாள். நீயும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருங்கள். மாப்பிள்ளையை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொல்.

உன் அப்பா
(கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே சொன்னதை விட்டுவிடு. அம்மா கடிதத்தை முதலிலிருந்து வாசித்து, வரிக்கு வரி "இப்படித்தானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை மூடினார். முடிச்சை இழுத்துப் பார்க்கிற கை. நீங்க இங்க என்ன வேலைம்மா என்றேன். பெரிய கைடே இவர்தானாம்.

"ரெண்டு நாளா வர்றேனே, ஏம்மா சொல்லல?"

"அந்த ஆம்பள வந்துட்டாரான்னுதானே கேட்டீங்க. வரலன்னு சொன்னேன்."

இவரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே போய் உன் மகளின் ஃபாரத்தை எடுத்து வந்துவிட்டார். இளைப்பு உண்டா என்ற இடத்தில் இல்லை என்று இருக்கிறதாம். "டாக்டர் பாத்து எழுதிக் குடுக்காம நான் இறக்க மாட்டேன். மத்த ரெண்டு கடைக்கும் சொல்லிடறேன்" என்றார். தேடித் தேடி நல்ல ஆளைக் கண்டுபிடித்தேன், என் வாயாலேயே காரியத்தைக் கெடுத்தேன். பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டால், "சின்ன வயசு விஷயம், இல்லன்னு போடுன்னு எங்கம்மாதான் சொன்னாங்க" என்கிறாள். ஆளைப் பார் என்று என்னை அனுப்பிவிட்டு நீ செய்த காரியத்தைப் பார். அதனால் அவளைத் தடுக்கப் போன் போடாதே, எனக்குப் போடு, பதில் சொல்.

அவளுக்கு என் மேல் கோபம். நாலடி தள்ளி மணலில் உட்கார்ந்து பெருமூச்சாக விடுகிறாள். ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விசில் இல்லை.