பூசியும் தெரியாத பூச்சு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளான என் பெண்ணும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மேலே சுகம் என்று எழுதியது கடித மரியாதைக்காக மட்டும்தான். உண்மையில் இந்த வீட்டில் என்னமோ நடக்கிறது, அதை என்னிடம் மறைக்கிறார்கள்.

நான் எடுத்ததற்கெல்லாம் சந்தேகப்படுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள், அதனால் கேட்க வேண்டாம். மில்லில் முப்பது வருஷம் கேட் சூப்பர்வைசராக நின்றவன் நான். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் நூல்கண்டு வைத்துக்கொண்டு போனவனை, டப்பாவைத் திறக்காமல், அவன் நடையை வைத்தே பிடித்தேன். வழக்கத்தைவிடப் பணிவாக ஒருவன் வணக்கம் வைத்தால் அவன் பையைத் திற என்பது என் அனுபவம். அப்படிப்பட்டவனுடைய வீட்டிலேயே, பின்னறைக் கதவு ஒரு மாதமாக மூடியே கிடக்கிறது.

உங்கள் மருமகள் பெரிய கடையில் முகப்பூச்சுப் பகுதியில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அவள் விடுமுறை நாளில் வீட்டுக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் நம் தெரு நர்ஸம்மா வந்தார். பிறகு பஸ் கண்டக்டரம்மா, அதன் பிறகு தையல் யூனிட்டிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. வரும்போது காலிக் கைப்பை, போகும்போது அதையே இறுக்கிப் பிடிக்கிறார்கள். கேட்டில் நின்றவனுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். அதிலும் வெயில் இருக்கிற நேரத்தில் மட்டும்தான் வருகிறார்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். (எட்டிப் பார்க்கவில்லை, கொடியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.) ஒரு பெண்ணை வெளிச்சத்தில் நிறுத்தி, மூன்று பேர் சேர்ந்து அவள் தாடையைச் சொத்தைப்பல் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். உங்கள் தங்கையிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"உள்ள என்னதான் நடக்குது?"

"கலர் பாக்கறோம்."

"என்ன கலரு?"

"எங்க கலரு."

"அதான் பொறந்ததுலேருந்து கூடவே இருக்கே, புதுசா என்ன பாக்கறதுக்கு இருக்கு?"

உங்கள் தங்கை சிரித்தாள். மச்சான், அவள் திட்டினால் விஷயம் சின்னது, சிரித்தால் பெரிது. சின்ன வயதிலிருந்து பார்த்தவர், உங்களுக்குத் தெரியாததா.

பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவள் மடமடவென்று ஒப்பித்தாள். "அப்பா, எங்க கடையில ஒரு அலமாரி நிறைய க்ரீம் இருக்கு. அத்தனையும் வெளுத்த தோலுக்கு. கடைசியில ரெண்டே ரெண்டு கொஞ்சம் கறுப்பு. அதப் பூசினா நம்ம மூஞ்சி சாம்பல்ல விழுந்து எழுந்த மாதிரி ஆயிடும். நமக்குச் சரியா வர்றதெல்லாம் கண்ணாடிக்குள்ள பூட்டி வெச்சிருக்கு, விலையக் கேட்டா அதுக்கே தனியா மயக்கம் தெளியவைக்கணும். அதான் மலிவா கிடைக்கற அந்த ரெண்ட வாங்கி, கறுப்பு நிறம் கூட்டற சொட்டுக் கலவையும் வாங்கி, சுத்தமான ஸ்பூனால நாங்களே கலக்கறோம். ஆளாளுக்கு அவங்கவங்க தாடைக்குப் பாத்து. ரெண்டு டீ காசு கூட ஆகாது."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் சொன்னவர்கள் யாரும் என் கேட்டைத் தாண்டிப் போனதில்லை. எனவே நானே சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தேன். அவர்கள் இரண்டு பேரும் மாடியில் துணி எடுக்கப் போன சமயம் உள்ளே போய், உங்கள் தங்கை தனக்கென்று வைத்திருந்த டப்பாவை எடுத்து, அவள் நிறமும் என் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று என் புறங்கையில் கொஞ்சம் தடவினேன். இருந்தது. தேய்த்தேன். காணோம்! ஜன்னலுக்குப் போனேன், மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், காணவே காணோம். முன்பெல்லாம் உங்கள் தங்கை பவுடர் போட்டுக்கொண்டு ஒரு விசேஷத்துக்குக் கிளம்பினால் தெருமுனையிலிருந்தே தெரியும். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், இடையில் எல்லைக்கோடு. வெயிலுக்கு ஒரு க்ரீம் வாங்கினாள், அதைப் போட்டால் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருப்பாள். கொடுத்த காசுக்கு முகமே ரசீது. இப்போது அவள் பூசியிருக்கிறாளா இல்லையா என்று கட்டிய கணவனான எனக்கே தெரியவில்லை. பூசினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை விற்பது எந்த ஊர் நியாயம்?

இதில் இன்னொரு கூத்து. அந்தக் கண்டக்டரம்மா, பஸ்ஸில் அத்தனை பேரை அதட்டி உள்ளே தள்ளுகிறவர், போன வாரம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழுதார். "எத்தன கடையில 'உங்களுக்கு இல்லம்மா'ன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க தெரியுமா? இது என் மூஞ்சி மாதிரியே இருக்கு" என்றார். அவர் மூஞ்சி அவர் மூஞ்சி மாதிரி இல்லாமல் வேறு யார் மூஞ்சி மாதிரி இருக்கும்? ஒரு க்ரீமுக்காக ஒருவர் அழுவாரா? நீங்களே சொல்லுங்கள். நான் அப்போது ஹாலில் இருந்தேன். நானும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அதற்குக் காரணம் தெருப் புழுதி.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படிக்கவும். டப்பாக்களில் ஆள் பெயர் எழுதுவதில்லை, தொழிலைத்தான் எழுதி ஒட்டுகிறார்கள். 'நர்ஸ்', 'கண்டக்டர்', 'தையல் குட்டை', 'தையல் நெட்டை'. எல்லாவற்றுக்கும் பின்னால், துணி போட்டு மூடி, ஒரு டப்பா இருந்தது. அதில் உங்கள் தங்கை கையெழுத்தில் 'வாட்ச்மேன்' என்று எழுதியிருந்தது. மச்சான், துணியை மறுபடி அப்படியே மூடிவைத்தேன். இந்தத் தெருவில் இருப்பது ஒரே வாட்ச்மேன், எதிர் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர். முறுக்கு மீசை வேறு. அந்த ஆளுக்கு எதற்கு என் வீட்டில் பூச்சு தயாராக வேண்டும்? அதை எதற்குத் துணி போட்டு மூட வேண்டும்?

இன்று மத்தியானம் சாய்வு நாற்காலியில் வழக்கம்போல் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக எதிர் கேட்டுக்குப் போய்விட்டேன். சரியான வெயில். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே அந்த ஆளை வெளிச்சத்துக்கு இழுத்து, தாடையைத் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன சார் பண்றீங்க?"

"மறைக்காம சொல்லுங்க. மூஞ்சியில என்ன பூசியிருக்கீங்க?"

"வேர்வை சார்."

நான் நம்புவேனா? அதே கைக்குட்டையால் அவர் கன்னத்தை அழுத்தித் துடைத்தேன். அவர் நெளிந்தார், பிறகு என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க சார், பளிச்சுன்னு இருக்கறது நீங்கதான். ரெண்டு மூணு நாளாவே பாக்கறேன்" என்றார். மாட்டிக்கொண்டவன் பேச்சை மாற்றுவது கேட்டில் நான் பார்க்காததா. இதே பேச்சை மூன்று நாளாகக் கேட்கிறேன். மருந்துக்கடைக்காரர் "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்கிறார், பக்கத்து வீட்டம்மா காரணமில்லாமல் சிரிக்கிறார். எல்லாரும் கூட்டு என்றுதான் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து கைக்குட்டையை விரித்தால், பழுப்பு நிறத்தில் பட்டையாகக் கறை! அந்த 'வாட்ச்மேன்' டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதே நிறம். கைக்குட்டையைச் சாட்சியாக இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பப் போட்டோ எடுக்க எப்படியும் வருகிறீர்கள். ஒரு நாள் முன்னதாகவே வாருங்கள். போன தடவை ஸ்டுடியோக்காரர் எடுத்த போட்டோ நினைவிருக்கும். உங்கள் தங்கையையும் மருமகளையும் வெளுக்க வைத்து யாரோ வீட்டு மனிதர்கள் மாதிரி ஆக்கிவிட்டார். எனக்கோ, அத்தனை வருஷம் தொப்பி போட்டு வெயிலில் நின்றதில் நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம். இரண்டு பேரை ஒட்டவைத்த மாதிரி விழுந்திருந்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் மானத்தோடு நிற்க முடியாத குடும்பத்துக்குப் போட்டோ எதற்கு? பின்னறைக்குப் பூட்டு வாங்கிவிட்டேன், சட்டைப்பையில்தான் இருக்கிறது. உங்கள் மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "பூட்டிட்டா அவங்கல்லாம் மறுபடி எங்கப்பா போவாங்க?" என்று மட்டும் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. பூட்டுவதா வேண்டாமா என்று நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதற்குக் கட்டுப்படுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதை விட்டுவிட வேண்டாம். மூத்தவர்களான உங்கள் இருவரின் நல்ல மனசுதான் இந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை நம்பி மோசம்போன,
மைத்துனன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். உங்கள் தங்கை "ஐயோ, கழுவாதீங்க!" என்று ஓடிவந்தாள். "மூணு நாளா நீங்க தூங்கறப்ப நெத்தியில போட்டுப் போட்டுப் பாக்கறேன், இன்னைக்குத்தான் சரியா அமைஞ்சுது. ஞாயித்துக்கிழமை போட்டோல நீங்களாவது ஒரே ஆளா விழணும்னுதான்." கண்ணாடியில் பார்த்தேன். துடைத்த இடத்தில் ஒரு பட்டை தவிர, நெற்றியும் கன்னமும் ஒரே மனிதனுடையதாக இருந்தன. முப்பது வருஷம் என்னைத் தாண்டி ஒரு நூல்கண்டு போனதில்லை மச்சான், இது என் நெற்றி மேலேயே போயிருக்கிறது. "அப்ப வாட்ச்மேன்னு எதுக்கு எழுதின? நான் கேட் சூப்பர்வைசர்!" என்றேன். "டப்பா சின்னது, அவ்வளவு நீளம் கொள்ளல" என்கிறாள்.

ஒரு நாள் முன்னதாக வரவேண்டாம், அன்றைக்குக் கூட்டம் அதிகம். வாசலில் வரிசையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எதிர் வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் தன் சம்சாரத்தை அனுப்புவதாகச் சொன்னார். பூட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நிறப் பொருத்தத்தை நீங்களும் பார்க்கட்டும் என்று கைக்குட்டையைக் கவரிலேயே விட்டிருக்கிறேன், மறக்காமல் கொண்டுவாருங்கள். துவைத்துவிடாதீர்கள், என் டப்பா தீர்ந்தால் அதைப் பார்த்துத்தான் மறுபடி கலக்க வேண்டுமாம்.