மாத்திரைக்கு ஷிஃப்ட் போட்டவர்

மீந்த மாத்திரை வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. இவர் நாடி பிடிக்கமாட்டார். மாத்திரையின் நிறத்தைப் பார்ப்பார். "எனக்குக் கேட்டுச்சு" என்பார். இதைவிட என்ன சான்று வேண்டும் உங்களுக்கு?

பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஆட்களுக்கு ஷிஃப்ட் போடும் மண்டோர் காளிமுத்து இந்த இனத்தின் தலைமகன். ஒரே மெஷினில் இரண்டு பேரை நிறுத்தினால் சண்டை வரும் என்பது அவர் அனுபவம். ஒரே வயிற்றில் இரண்டு மாத்திரை போனாலும் அதே கதிதான் என்பது அவர் மருத்துவம்.

மனைவி ரஞ்சிதத்துக்குத் தூள் சலிக்கும் பகுதியில் வேலை. தேயிலைத் தூசி ஏறி, மூக்கடைத்து, கண் சிவந்து, ஓயாத தும்மல். தினமும் மாத்திரை போடவேண்டிய பிரஷர் வேறு. எஸ்டேட் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரசரைப் பார்க்கக் கிளம்பியவளைக் காளிமுத்து மறித்தார்.

"தும்மலுக்கெல்லாம் டிரசரா? எனக்கு டவுன்ல வாங்குன மஞ்ச மாத்திரை மிச்சம் இருக்குலா."

"ஒங்களுக்குப் பிரஷர் இல்ல. எனக்கு ஆகுமா?"

"அதுக்குத்தான் முறை வைக்கிறேன். மூக்கு சரியாகட்டும். அதுவரைக்கும் பிரஷர் மாத்திரைக்கு லீவு."

மஞ்சள் மாத்திரை உள்ளே போனது, தும்மல் நின்றது. காளிமுத்து லைன் வீடுகள் முழுக்கத் தன் கைராசியைப் பரப்பினார். மறுநாள் மாலை ரஞ்சிதம் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள்.

"நெஞ்சு அடிச்சுக்குதுங்க..."

அவ்வளவுதான், படித்த மருத்துவமெல்லாம் பறந்தது. லோரியை நிறுத்தி, அவளை ஏற்றி, கிளினிக் வரும்வரை அவள் கையை விடவில்லை மனிதர்.

டிரசர் அர்ஜுனன் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"பிரஷர் மாத்திரை போட்டாங்களா?"

"லீவு குடுத்திருக்கேன் ஐயா. மூக்குக்கு இதைத்தான் குடுத்தேன்" என்று காளிமுத்து மஞ்சள் மாத்திரை அட்டையை நீட்டினார்.

"நீங்க யாருய்யா லீவு குடுக்க? இந்த மஞ்ச மாத்திரையில மூக்கடைப்பத் தொறக்குற மருந்தும் கலந்திருக்கு. அது ரத்தக் குழாயச் சுருக்கி பிரஷர ஏத்தும். ஏத்துறத உள்ள விட்டுட்டு, எறக்குறத நிறுத்திட்டீங்க! தும்மலுக்கு மட்டும் வேற மாத்திரை இருக்கு. பிரஷர் இருக்குன்னு சொல்லிக் கேக்கணும். பிரஷர் மாத்திரைய நீங்களா நிறுத்தவே கூடாது."

கட்டிலில் படுத்திருந்த ரஞ்சிதம் கண் திறந்தாள்.

"மொதல்ல இவருக்கு லீவு குடுங்க ஐயா."

இரவுக்குள் பிரஷர் இறங்கியது. உயிர் வந்தது காளிமுத்துவுக்கு. வந்த உயிர் சும்மா இருக்குமா? வெளி பெஞ்சில் சொறிந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சரோஜாவைப் பார்த்து, "அரிப்பா? எங்கிட்ட ஒண்ணு..." என்று தொடங்கி, உள்ளிருந்து வந்த ரஞ்சிதத்தின் இருமலில் அடங்கினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் தும்மிய மச்சானுக்கு உங்கள் வீட்டு மாத்திரையைக் கொடுத்தீர்களே, அவருக்குப் பிரஷர் உண்டா என்று கேட்டீர்களா? போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். மிச்சச் சிரிப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.