கிருஷ்ணப்பாவின் நல்ல ரத்தம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு நல்ல வெளிச்சத்திலேயே பேய் தெரியும். பாம்பு, போலீஸ், தந்தி கொண்டுவரும் ஆள் என்று வாலிபத்தில் மூன்று பயங்கள் இருந்தன. இருபத்தாறாவது வயதில் நாலாவதாக ஒன்று வந்து சேர்ந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் மைசூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த கணக்கு வாத்தியார் சவரிமுத்துவின் மகள் மரியபுஷ்பத்தோடு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசையின் நடுவே பங்குச்சாமியார் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் குளிக்கும்போதுதான் பார்த்தேன். தொடையிடுக்கில் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு.

(ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்குத் தைத்த உல்லன் பேண்ட்டைப் பழக்கப்படுத்த வேண்டுமென்று, பத்து நாளாய் ஏப்ரல் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடை பயின்றுகொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கும் புத்தி அன்று எனக்கு இல்லை.)

எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் தசரா பொருட்காட்சியின் சுகாதார ஸ்டாலில் பார்த்த மேகநோய்ப் படங்கள்தான். பெண் சகவாசத்தால் வருவது என்று எழுதியிருந்தது. எனக்கோ எந்தச் சகவாசமும் கிடையாது. திருடாமலே ஜெயிலா என்று மனம் கொதித்தது. ஆனால் ராத்திரி படுத்தபோது வேறொரு பயம் நெஞ்சைப் பிடித்தது. கல்யாணம் நின்றால் அவமானம். நிற்காமல் நடந்துவிட்டால்? ஒன்றுமறியாத அந்தப் பெண்ணுக்கு நானே வியாதியைக் கொடுத்துவிடுவேனே! 

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த வைத்தியத்துக்குப் பின்பக்கம் தனி வாசல். யாரும் அடையாளம் காணக்கூடாதென்று மப்ளரை மூக்குவரை சுற்றியிருந்தேன். வாசல் வராந்தாவில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர், எல்லோரும் மப்ளரோடு. அந்த வெயிலில் ஊரில் மப்ளர் கட்டியவர்கள் நாங்கள் மட்டும்தான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சீட்டு எழுதுகிறவர், "ஹெசரேனு?" என்று பெயர் கேட்டார்.

"கிருஷ்ணப்பா," என்றேன். (என் பெயர் அந்தோணி.) அப்பா பெயர் கேட்டார். பதற்றத்தில் அதுவும் கிருஷ்ணப்பா என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

உள்ளே டாக்டர் திட்டுவார், ஏசுவார் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அவர் காய்ச்சலுக்குக் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார். யாரோடாவது போனதுண்டா, சிறுநீர் போகையில் எரிகிறதா, புண் உண்டா. பிறகு பேண்ட்டை இறக்கச் சொல்லி, டார்ச் அடித்து அரை நிமிஷம் பார்த்தார். அந்த அரை நிமிஷத்தில் எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். அவரோ என்னை விட்டுவிட்டுப் பேண்ட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த வெயில்ல உல்லனா? இது அரிப்புப்பா. பவுடர் போடு, வேட்டி கட்டு."

நான் நம்பவில்லை. கல்யாணம் வருகிறது, ரத்தம் சோதித்தே ஆகவேண்டும் என்று அழாத குறையாகக் கெஞ்சினேன். சரி, எடுத்துக்கொள், முடிவு ஒரு வாரம் கழித்து வரும் என்றார்.

ஊசியோடு வந்த நர்ஸைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் பாடும் லூர்து சிஸ்டர். ஞாயிறுதோறும் என்னிடம் தமிழில் நலம் விசாரிக்கிறவர்.

"கை கொடி, கிருஷ்ணப்பா. ஹெதர்பேடி," என்றார் கன்னடத்தில். பயப்படாதே என்கிறார். என்னைத் தெரிந்ததாகக் கண்ணில்கூடக் காட்டவில்லை. அது எனக்காகச் செய்த உபகாரம் என்று இப்போது தெரிகிறது. அன்றோ, ஞாயிற்றுக்கிழமைக்காகச் சேர்த்துவைக்கிறார் என்றே நினைத்தேன்.

அந்த ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மூன்றாம் ஓலை வந்தது. சாமியார் எங்கள் பெயர்களை வாசித்துவிட்டு, "தடை ஏதும் தெரிந்தவர்கள்..." என்று ஆரம்பித்ததும், பெண்கள் பக்கத்தில் லூர்து சிஸ்டர் சடாரென்று எழுந்தார்.

நானும் எழுந்துவிட்டேன். "சாமி, தடையெல்லாம் ஒண்ணும் இல்ல. டாக்டர் பாத்துட்டாரு, வெறும் அரிப்புதான். ரத்த ரிசல்ட் நாளைக்கு வந்துரும்."

பூசையில் சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்குவதற்காக விரதமிருந்து வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுந்த ஒரு பெண்ணைத் தூக்கத்தான் சிஸ்டர் எழுந்திருக்கிறார். மயங்கியவளைத் தவிர மற்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மரியபுஷ்பம் முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் முடிவு வந்தது. ரத்தம் சுத்தம். சீட்டைத் தூக்கிக்கொண்டு சவரிமுத்து வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். அதுவரை மாப்பிள்ளை என்றவர் அன்று தம்பி என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இந்தக் கிருஷ்ணப்பாவுக்கு ரத்தம் நல்லா இருக்கு, சந்தோஷம். உங்க ரத்தம் எப்படி, தம்பி?"

சாட்சிக்கு அவரை லூர்து சிஸ்டர் வீட்டுக்கே அழைத்துப் போனேன். சொல்லுங்கள் என்று நானே கெஞ்சியும், ஆஸ்பத்திரியில் பார்த்ததை வாசலுக்கு வெளியே சொல்வதில்லை, எந்தக் கிருஷ்ணப்பாவையும் எனக்குத் தெரியாது என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். சொந்தப் பெயரில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். ஆள்மாறாட்டம் நடக்காமல் பார்க்க வாத்தியாரும் கூடவே வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். அவருடைய பழைய மாணவன் ஒருவன் அந்த வழியாகப் போனபோது, என் மப்ளரை அவரே கேட்டு வாங்கிச் சுற்றிக்கொண்டார்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து, அப்பாவிடம் ஏன் வேண்டாமென்று சொல்லவில்லை என்று மரியபுஷ்பத்தைக் கேட்டேன். "இந்த ஆளுக்கு ஜென்மத்துக்கும் எதையும் மறைக்க வராதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருச்சு. வேற என்ன வேணும்?" என்றாள்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் எத்தனையோ ஓலை வாசித்தாயிற்று. தடை ஏதும் என்று சாமியார் வாயெடுத்ததும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என் பக்கம் திரும்புவார்கள். மரியபுஷ்பம் என் சட்டை நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காதருகே சொல்வாள்:

"உக்காருங்க. இது உங்க ஓலை இல்ல."