மிக்ஸிக்குள் இருந்த அம்மா

இசையமைக்க ஆசைப்படுகிறவன், தான் பதிவு செய்ததைத் தனியாக ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைத்தது சிதம்பரத்தில், என் அக்காவின் நிச்சயதார்த்தத்தில், ஊரே கூடியிருந்த மண்டபத்தில்.

அப்போது லேப்டாப்பில் எலக்ட்ரானிக் மியூசிக் கற்றுக்கொண்டிருந்தேன். (கற்றது மூன்று வாரம். பேச்சு மட்டும் முப்பது வருஷ அனுபவஸ்தன் போல.) வீடியோவில் பாடம் நடத்தியவர், உங்களைச் சுற்றியுள்ள ஓசைகளிலிருந்து தொடங்குங்கள் என்றார். தேவனாம்பட்டினம் போய் விசைப்படகின் இன்ஜினைப் பதிவு செய்தேன். அடியில் அதிரும் பேஸ் அதுதான். தாளத்துக்கு எங்கள் வீட்டு மிக்ஸி. பருப்பு டப்பாவுக்குப் பின்னால் போனை ஒளித்துவைத்துவிட்டு, அப்புறம் வந்து எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை, குரலைத்தான் உயர்த்துவார்கள். வடலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் அது. அம்மா சித்தியிடம் விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தாள். நானோ மிக்ஸிப் பதிவில் ஒரு துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கையோடு அதன்மேல் படகையும் ஏற்றிவிட்டேன். உள்ளே ஏதோ முணுமுணுப்பு கேட்டது. மிக்ஸிக்கே உரிய நாதம் என்று மெய்சிலிர்த்தேன்.

"நான் மேடைக்கு வரும்போது உன் மியூசிக்தான்டா போடணும்" என்றாள் அக்கா. வீட்டில் என்னை நம்பிய ஒரே ஜீவன்.

மண்டபத்தில் என் படகு கிளம்பியதும் ஜன்னல்கள் அதிர்ந்தன. முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"தம்பி, சத்தம் ஜாஸ்தின்றாங்க. பேஸ மட்டும் எடுத்துடறேன்" என்று ஆடியோக்காரர் ஒரு குமிழைத் திருகினார்.

படகு போய்விட்டது. அம்மா மட்டும் கரையில் நின்றாள்.

"மாப்ள வாயத் தொறந்ததே கேசரிக்குத்தான்!"

நான்கு தட்டுக்கு ஒருமுறை, தாளம் தப்பாமல். (எதிரொலி வேறு சேர்த்திருந்தேன். த்தான்... த்தான்... த்தான்...)

அக்கா மேடைப் படியிலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "இதக் கேக்கத்தான் எங்கள வரச் சொன்னீங்களா?" தாம்பூலத் தட்டு இன்னும் மாற்றவில்லை. அக்காவின் கல்யாணம் என்னால் நின்றுவிடப்போகிறது. பாட்டை நிறுத்தப் போய், பதற்றத்தில் வேகத்தைக் கூட்டிவிட்டேன். அம்மா மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை மைக்கை வாங்கினார். அவர் குரலை நாங்கள் யாருமே சரியாகக் கேட்டதில்லை.

"அத்த, கேசரி நெஜமாவே சூப்பர். இன்னிக்கும் இருக்கா?"

மண்டபமே சிரித்தது. கடைசியாக அவருடைய அப்பாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். தட்டு மாற்றினார்கள். பந்தியில் எனக்கு மட்டும் கேசரி வைக்கவில்லை. (அக்கா உத்தரவு.)

அதற்குப் பிறகு எத்தனையோ டிராக் செய்துவிட்டேன். ஒன்றுகூட யாருக்கும் ஞாபகமில்லை. மாப்பிள்ளை, அதாவது இப்போது என் மாமா, அந்த ஒரு வரியை மட்டும் என்னிடம் வெட்டி வாங்கி, அம்மா நம்பருக்கு ரிங்டோனாக வைத்திருக்கிறார்.

போன தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள். மாமா போனை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"இருங்க மாப்ள, ஒரு ரிங் குடுக்கறேன்" என்று தன் போனை எடுத்த அம்மா, சட்டென்று அதைக் கீழே வைத்தாள்.

"வேணாம். நீங்களே தேடிக்குங்க."