எட்டு இருபது பஸ்ஸும் மேட்சிங் அக்காவும்

அருப்புக்கோட்டை வெயிலில் வெளுக்காத ஒன்று உண்டென்றால் அது எங்கள் காம்பவுண்டு மேட்சிங் அக்காதான். கடைப் பலகை, சுவரொட்டி, குடைத்துணி, மனிதர்களின் சட்டை எல்லாம் இரண்டு கோடையில் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுகிற ஊர் அது. அந்த ஊரில் அவர் மட்டும் தினமும் காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, அப்போதுதான் சாயத்தொட்டியிலிருந்து எடுத்து உலர்த்தியதுபோல வெளியே வருவார்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எண்பதுகளின் கடைசியில் அவருக்கு வயது இருபத்தாறு. காம்பவுண்டில் ஆறு வீடுகள். ஆறு வீட்டிலும், அவரைவிட முப்பது வயது மூத்தவர்கள்கூட, அவரை அக்கா என்றே சொன்னார்கள். அந்த உடுப்புக்கு முன்னால் வேறு எப்படியும் கூப்பிட வாய் வரவில்லை.

சேலை பச்சை என்றால் ரவிக்கை பச்சை, வளையல் பச்சை, செருப்பு வார் பச்சை, குடையும் பச்சை. கூலிங்கிளாஸ் மட்டும் கறுப்பு. கறுப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பது அவர் தீர்ப்பு. இடுப்பில் ஒன்றே முக்கால் வயது மகள் ரூபி. ரூபியின் கவுனும் அதே பச்சை. ரவிக்கைக்கு எண்பது சென்டிமீட்டர் போதும் என்று டெய்லர் சொல்வார். அக்கா ஒன்றரை மீட்டர் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் கவுன் தைக்கும்வரை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவசரத்தில் அவர் மெரூனும் ரூபி ரோஸுமாகப் புறப்பட்டுவிட்டார்கள். தெருமுனை பால் டிப்போ வரை போனவர் திரும்பி வந்து, இருவருக்கும் மாற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனார்.

சாப்பாடும் மேட்சிங்தான். மஞ்சள் சேலை கட்டினால் ரூபிக்குப் பருப்புச் சோறு. பச்சை என்றால் முருங்கைக்கீரை. சிவப்புக்குப் பீட்ரூட், பழுப்புக்குக் கேப்பைக்கூழ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெள்ளைச் சேலை, அன்றைக்குத் தயிர்ச்சோறு. நாங்கள் இதையும் ஒரு பைத்தியம் என்றே வைத்திருந்தோம். என் மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள். அக்கா அதற்கு, "பிள்ள துப்புறது எம்மேலதான மைனி? கற தெரியக் கூடாதுல்ல" என்றார். அதற்குப் பிறகு கொடியில் காயும் சேலையைப் பார்த்தே ரூபி நேற்று என்ன சாப்பிட்டாள் என்று காம்பவுண்டு சொல்லிவிடும்.

நீலம்தான் பிரச்சினை. அவரிடம் அழகான நீலச் சேலை ஒன்று இருந்தது. நீல நிறத்தில் என்ன சாப்பாடு உண்டு என்று ஆறு வீடும் மூன்று நாள் யோசித்தோம். கடைசியில் நாவல்பழம் வந்ததும் அந்தச் சேலை வெளியே வந்தது. நாவல்பழம் முடிந்ததும் உள்ளே போய்விட்டது.

இத்தனை ஏற்பாட்டையும் அவர் வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் ரூபி வீட்டில் சாப்பிட மாட்டாள். தரையில், தொட்டிலில், மொட்டைமாடியில், எங்கே வைத்து ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஒருமுறை உறவினர் வீட்டுக்குத் திருச்சுழி போனபோது பஸ் நகர்ந்ததும் ஒரு டப்பா சோற்றைச் சிந்தாமல் சாப்பிட்டு முடித்தாள். அன்றோடு அக்கா முடிவு செய்துவிட்டார். தினமும் எட்டு இருபது பஸ்ஸில் தாயும் மகளும் திருச்சுழி போவார்கள். போய் இறங்கி, ரூபியின் வாயைக் கழுவி, அதே பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள்.

நான் திருச்சுழி தாலுகா ஆபீசில் கிளார்க். அதே பஸ்ஸில்தான் போவேன். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு வாய் என்பது ரூபியின் சட்டம். பஸ் நின்று, கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்லி, விசில் கொடுத்தால்தான் அவள் அடுத்த வாய்க்குச் சம்மதிப்பாள். சில நாள் வாயில் சோறு இருக்கும்போதே நிறுத்தம் வந்துவிடும். கண்டக்டர் விசிலை உதட்டில் வைத்தபடி, பிள்ளை முழுங்கட்டும் என்று கையைக் காட்டுவார். டிரைவரும் கண்ணாடியில் பார்த்துக் காத்திருப்பார். ஒருநாள் ஆபீசுக்கு ஒன்பது நிமிடம் தாமதமாகப் போனேன். காரணம் கேட்ட ஹெட் கிளார்க்கிடம் பீட்ரூட் என்றேன். அவர் அதை நம்பவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை. மாதத்தில் இருபது நாள் வெளியூர் டூட்டி. அவருடைய அப்பா எம்.ரெட்டியபட்டியில் பருத்தி விவசாயம், சர்ச் கமிட்டியில் முக்கியமான ஆள். காம்பவுண்டில் எல்லாரும் அவரை மாமா என்போம். மாமாவுக்கு அலங்காரம் ஆகாது. மருமகளிடம் அவர் நேராகப் பேசியே நான் பார்த்ததில்லை. அக்கா எதிரே நின்றாலும், அவன் எங்க என்று மகனைப் பற்றிச் சுவரைப் பார்த்துக் கேட்பார்.

பேத்தி மெலிந்திருக்கிறாள் என்பது அவருக்கு முதல் வருத்தம். மருமகள் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஊர் சுற்றுகிறாள் என்று யாரோ போய்ச் சொன்னது இரண்டாவது வருத்தம். இரண்டையும் சேர்த்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. சனிக்கிழமை காலை வருகிறேன், பிள்ளையின் துணிமணிகளை எடுத்து வைக்கவும், உடம்பு தேறும்வரை இங்கே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

அக்கா அதை என் மனைவியிடம் காட்டினார். அன்றுதான் அவர் குரல் இறங்கி முதல்முறையாகக் கேட்டோம். "தேறுற வரைக்கும்னுதான் கூட்டிட்டுப் போவாக மைனி. அப்புறம் ஸ்கூலு சேக்குற வரைக்கும்பாக. நான் மாசம் ஒருக்கா போயி எம்பிள்ளைய விருந்தாளி மாதிரி பாத்துட்டு வரணும்."

கொஞ்ச நேரத்தில் குரல் பழையபடி நிமிர்ந்துவிட்டது. மாமா வரட்டும், அவரையே எட்டு இருபதில் ஏற்றிக்கொண்டு போய், பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கண்ணால் காட்டிவிடுகிறேன் என்றார். நல்ல யோசனை. ஆனால் வியாழக்கிழமை பஸ் ஸ்டிரைக் தொடங்கிவிட்டது.

வியாழனும் வெள்ளியும் ரூபி பாலும் பிஸ்கட்டும்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு எதைக் காட்டியும் வாய் திறக்கவில்லை. வெள்ளி சாயங்காலம் என் மனைவி, பஸ் வரவில்லை என்றால் நாமே ஒன்று ஓட்டினால் என்ன என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். அக்கா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் காம்பவுண்டு முற்றத்தில் நான்கு பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டோம். இரண்டு டீக்கடையுடையவை, இரண்டு டெய்லருடையவை. நிஜ டிரைவரும் நிஜ கண்டக்டரும் அடுத்த தெருவில்தான் குடியிருந்தார்கள். ஸ்டிரைக்கில் வேலையில்லாமல் இருந்த இருவரையும் அழைத்து வந்தோம். கண்டக்டருக்கு ஒரு சந்தேகம். ஸ்டிரைக் நேரத்தில் வண்டி ஓட்டியதாக யூனியனில் கேட்டால் என்ன சொல்வது? வண்டி நகராதவரை விதிமீறல் இல்லை என்று நான் விளக்கியதும் சமாதானமானார்.

டிரைவர் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கையில் மாவுச் சல்லடையைப் பிடித்துக்கொண்டார். பயணிகளாக ஆறு வீட்டுப் பெரியவர்களும் ஏறினோம். பின் பெஞ்சை ஆட்ட டெய்லர். ஊர்ப்பெயர் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வழியில் திருச்சுழியையும் சேர்த்துப் பதினோரு நிறுத்தங்கள். கண்டக்டரே ஒன்றிரண்டை மாற்றிச் சொல்லிவிடுவார், நான் வரிசை தப்ப மாட்டேன்.

ஆனாலும் பஸ் கிளம்பவில்லை.

"ஏலே, விசிலு குடுத்தாத்தான எடுக்க முடியும்?" என்று டிரைவர் திரும்பினார்.

கண்டக்டர் கைலியில் வந்திருந்தார். விசில் காக்கிச் சட்டைப் பையில் வீட்டில் இருந்தது. ரூபியும் அவர் கைலியை நம்பவில்லை. அவர் போய்க் காக்கி மாட்டிக்கொண்டு வந்து விசில் கொடுத்தார். டிரைவர் வாயால் உறும, டெய்லர் பெஞ்சை ஆட்ட, நான் மில் கேட் என்றேன். அக்கா ஒரு வாய் கீரைச்சோற்றை நீட்டினார். ரூபி வாயைத் திறக்கவில்லை.

மறுபடி புறப்பட்டோம். மறுபடி மில் கேட். ரூபி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அம்மாவின் மூக்குத் தண்டைத் தொட்டுத் தடவினாள். அங்கே கூலிங்கிளாஸ் இல்லை.

தவறு என் மனைவியுடையது. மாமா வருகிற நாள், கொஞ்சம் அடக்கமாக இருங்கள் என்று முதல்நாள் ராத்திரி சொல்லிவைத்திருந்தாள். அக்காவும் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிறர் பேச்சைக் கேட்டு, வெளுத்த ஒரு நூல்சேலையைக் கட்டி, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோலத்தில் அம்மா பஸ் ஏற மாட்டாள் என்பது ரூபிக்குத் தெரியும். அப்படியானால் இது பஸ் இல்லை.

தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. பஸ் ஓடாததால் மாமா பருத்தி லோடு ஏற்றிய லாரியில் வந்து இறங்கியிருந்தார்.

அக்கா எங்களை ஒருமுறை பார்த்தார். ரூபியை என் மனைவி மடியில் வைத்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமா காம்பவுண்டுக்குள் வந்தபோது பத்துப் பதினைந்து பெரிய மனிதர்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். முன்னால் ஒருவர் கையில் சல்லடை. கண்டக்டருக்குப் பழக்கதோஷம். "பெரியவரே, வழியில நிக்காம உள்ள தள்ளி உக்காருங்க" என்றார். காக்கிச் சட்டைக்கு ஒரு மரியாதை உண்டல்லவா, மாமா உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது. பச்சைச் சேலை, பச்சை வளையல், பச்சைச் செருப்பு, பச்சைக் குடை, கூலிங்கிளாஸ். ஒன்று குறையவில்லை. அக்கா நேராக வந்து மாமாவின் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, ரூபியை வாங்கிக்கொண்டார்.

"பஸ்ஸு கிளம்பப் போகுது மாமா. பிள்ளைக்கு ஊட்டிட்டுப் பேசுவோம்."

விசில். உறுமல். மில் கேட். ரூபி வாயைத் திறந்தாள்.

ரைஸ் மில், சர்ச் விலக்கு, கண்மாய்க்கரை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். மூன்றாவது வாயில் மாமா கைத்தடியைக் கீழே வைத்தார். ஐந்தாவதில் முன்னால் குனிந்தார். ரூபி வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் வாயும் திறந்தது. எங்கள் எல்லாருடைய வாயும் திறந்துதான் இருந்திருக்கும், நான் அவரைத்தான் கவனித்தேன்.

ஏழாவது நிறுத்தத்தில் அவர் முதல்முறையாக மருமகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்காகத்தான் இம்புட்டுச் சிங்காரமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காரியம் அங்கேயே முடிந்திருக்கும். என் மனைவி அக்காவின் காலை மிதித்தாள்.

"இதுக்காக மட்டும் இல்ல மாமா. எனக்கும் பிடிக்கும்" என்றார் அக்கா.

டெய்லர் பெஞ்சு ஆட்டுவதை நிறுத்திவிட்டார். டிரைவரின் உறுமல் தேய்ந்துபோயிற்று. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர்தான் மெல்ல ஒரு விசில் கொடுத்தார். பஸ் மறுபடி நகர்ந்தது.

ரூபிக்கு இரண்டு நாள் பசி. அக்கா வழக்கத்தைவிடப் பெரிய டப்பாவில் சோறு பிசைந்திருந்தார். ஒன்பதாவது செங்கல் சூளை, பத்தாவது கருவேலங்காடு. டப்பாவில் இன்னும் நாலைந்து வாய் இருந்தது. அடுத்தது திருச்சுழி. திருச்சுழி என்று காதில் விழுந்தால் ரூபி வாயை மூடிவிடுவாள், எத்தனை பசி இருந்தாலும் சரி. வெளியே லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அடுத்தது, இன்னொரு செங்கல் சூளை."

மாமா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஐம்பது வருடமாக அந்த ரோட்டில் பருத்தி வண்டி ஓட்டியவர். ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஆமா, புதுச் சூள. இப்பத்தான் போட்டிருக்கான். பஸ்ஸு அங்கன ரொம்ப நேரம் நிக்கும். நீ மெதுவா ஊட்டு தாயி."

ஒவ்வொரு வாய்க்கும் நான் அதே சூளையைச் சொல்ல, கண்டக்டர் விசில் கொடுக்க, டப்பா காலியாகும்வரை பஸ் அங்கேயே நின்றது. அதற்குப் பிறகுதான் திருச்சுழி வந்தது. மாமா தனியாகவே லாரி ஏறினார்.

இருபத்திரண்டு வருட அரசாங்க வேலையில் தெரிந்தே நான் சொன்ன தவறான தகவல் அது ஒன்றுதான். இன்றைக்கு யாராவது வந்து விசாரித்தாலும், அந்த ரோட்டில் சூளை இரண்டு என்றுதான் சொல்வேன்.